தேடாமலே வந்து சேரும் புது எபிசோட்... ஒரு குட்டி ஸ்கிரிப்ட் செய்த பெரிய வேலை!

ராத்திரி போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காலையில் எடுத்துப் பார்த்தால், நீங்கள் தொடர்ந்து கேட்கும் நிகழ்ச்சியின் புது எபிசோட் போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் தேடவில்லை. டவுன்லோடு பட்டனை அழுத்தவும் இல்லை. பஸ்ஸில் ஏறி ஹெட்செட்டை மாட்டினால், சிக்னல் இல்லாத இடத்திலும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

இன்று இது ரொம்ப சாதாரணமான விஷயம். ஆனால், 20 வருடங்களுக்கு முன்பு இதைச் சாத்தியமாக்க, ஒரு முன்னாள் டி.வி தொகுப்பாளர் தானே உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. சினிமா ஸ்கிரிப்ட் அல்ல. 'இதைச் செய், அடுத்து இதைச் செய்' என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கட்டளை கொடுக்கும் சில வரிகள். அந்தச் சில வரிகளிலிருந்துதான் 'போட்காஸ்ட்' என்ற உலகமே வளர்ந்தது.

அந்தக் கதையில் இன்றைக்கும் நமக்கு வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. நாம் எந்தெந்த நிகழ்ச்சிகளைத் தொடர்கிறோம் என்ற லிஸ்ட், நம் கையில் இருக்கிறதா... இல்லை, ஏதோ ஒரு கம்பெனியின் கையில் இருக்கிறதா?

காத்திருந்தவர்களின் தலைமுறை

'தொடரும்' என்ற வார்த்தை தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாராவாரம் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டிங் கொடுத்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. தாத்தா சேர்த்த பைண்டு புத்தகத்தைப் பேரன் படித்தான்.

ரேடியோவுக்கும் டி.வி-க்கும் அந்த வசதி இல்லை. ஒளிபரப்பாகும் நேரத்தில் வீட்டில் இல்லையென்றால் அந்த எபிசோட் போனது போனதுதான். வீடியோ கேசட் ரெக்கார்டர் வந்தபிறகுதான் 'நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்து, எனக்கு நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன்' என்று பார்வையாளர்களால் சொல்ல முடிந்தது.

அமெரிக்காவில் அதுவே பெரிய வழக்கானது. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டரை எதிர்த்து, 1976-ல் யுனிவர்சல் ஸ்டுடியோவும் டிஸ்னியும் நீதிமன்றம் போயின. நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவு செய்வது காப்புரிமை மீறல் என்பது அவர்களின் வாதம். அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஃப்ரெட் ரோஜர்ஸ். அமெரிக்கக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த டி.வி நிகழ்ச்சியை நடத்தியவர். 'குடும்பங்கள் என் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, தங்களுக்கு வசதியான நேரத்தில் சேர்ந்து பார்ப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அது அவர்களுக்கு நல்லதுதான்' என்ற ரீதியில் அவர் சொன்ன சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. 1984 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பு 5-க்கு 4 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் சோனிக்குச் சாதகமாக அமைந்தது.

அடுத்த கட்டம் 1999-ல் வந்த 'டிவோ' என்ற பெட்டி. ஒரு நிகழ்ச்சியின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதன் எல்லா எபிசோடுகளையும் அதுவே பார்த்துப் பார்த்துப் பதிவு செய்துவிடும். ஆனால் அது டி.வி-க்கு மட்டும். இன்டர்நெட்டில் வரும் நிகழ்ச்சிக்கு அப்படி ஒரு ஏற்பாடு அப்போது கிடையாது.

சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவரின் பங்கு

அதே 1999-ம் ஆண்டு மார்ச் மாதம். அன்றைக்குப் பிரபலமான பிரவுசரை நடத்திவந்த நெட்ஸ்கேப் நிறுவனம், தன் முகப்புப் பக்கத்தில் பல தளங்களின் புதுச் செய்திகளை ஒரே இடத்தில் காட்ட விரும்பியது. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதையெல்லாம் கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கும்? அதனால், 'எங்களிடம் புதிதாக வந்திருப்பவை இவை' என்று எல்லாத் தளங்களும் ஒரே மாதிரியாக எழுதி வைப்பதற்கு ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். அதுதான் ஆர்.எஸ்.எஸ்.

அதை உருவாக்கிய இருவர், டான் லிப்பி மற்றும் ராமநாதன் குஹா. இந்த குஹா, சென்னை ஐ.ஐ.டி-யில் 1986-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு அமெரிக்கா சென்றவர்! இன்னொரு சுவாரஸ்யம்... அடுத்த ஆண்டு டிசம்பரில் வெளியான ஆர்.எஸ்.எஸ் 1.0 வடிவத்தை எழுதிய குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற பையனும் இருந்தான். அப்போது அவனுக்கு வயது 14.

ஆர்.எஸ்.எஸ் ஃபைலை 'ஃபீட்' என்பார்கள். கடை வாசலில் 'இன்றைய ஸ்பெஷல்' என்று எழுதி வைக்கும் கரும்பலகையைப் போன்றது அது. உள்ளே போய் ஒவ்வொரு அலமாரியாகத் தேட வேண்டாம்; பலகையைப் பார்த்தாலே போதும். ஆனால், ஆரம்பத்தில் அந்தப் பலகையில் தலைப்பும் லிங்க்கும் மட்டும்தான் இருந்தன. ஒலி, ஒளிக்கு இடமில்லை.

2 மணி நேரம் 17 நிமிடக் காத்திருப்பு

இங்கேதான் ஆடம் கரி வருகிறார். 1980-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் எம்.டி.வி-யில் தொகுப்பாளராக அமெரிக்க இளைஞர்களுக்கு நன்கு தெரிந்த முகம். இன்டர்நெட்டில் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்குத் தடையாக இருந்தது வேகம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாதாரணத் தரத்தில் பதிவான 1 மணி நேர ஆடியோ, சுமார் 58 எம்.பி. அன்றைய டெலிபோன் மோடத்தின் உச்சபட்ச வேகம் 56 கே.பி.பி.எஸ். அந்த உச்ச வேகம் ஒரு நொடிகூடக் குறையாமல் கிடைத்தாலும், 1 மணி நேர நிகழ்ச்சி வந்து சேர 2 மணி நேரம் 17 நிமிடம் ஆகும். நிஜத்தில் இன்னும் அதிகம். பட்டனை அழுத்திவிட்டு யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்?

கரியின் யோசனை எளிமையானது. காத்திருப்பதுதான் பிரச்னை என்றால், ஆள் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் காத்திருக்கட்டும். எப்போதும் இணைப்பில் இருக்கும் பிராட்பேண்ட் அப்போது வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. எல்லோரும் தூங்கும்போது ஃபைல் மெதுவாக வந்து சேரட்டும். முழுசாக வந்தபிறகு, 'புது நிகழ்ச்சி ரெடி' என்று சொன்னால் போதும். கேட்பவருக்கு, அழுத்தியவுடன் ஓடுவதுபோலவே இருக்கும்.

இதை அவர் டேவ் வைனரிடம் கொண்டுபோனார். வைனர், யூசர்லேண்ட் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தின் நிறுவனர், ஆர்.எஸ்.எஸ் வடிவத்தை அடுத்தடுத்து வளர்த்தவர். 2000 டிசம்பரில் வைனர் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ் 0.92-ல் 'என்க்ளோஷர்' என்ற புதுப் பகுதி இருந்தது. கடிதத்தோடு இணைத்து அனுப்பும் பொருளைப்போல, செய்தியோடு ஒரு ஆடியோ ஃபைலின் முகவரியை இணைத்துவிடலாம். அடுத்த மாதமே, 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் பாடல் ஒன்றை இணைத்து அதைச் சோதித்தும் பார்த்தார்.

வழி தயார். ஆனால், அந்த வழியில் போக அப்போது ஆள் இல்லை. நிகழ்ச்சி தயாரிப்பவர்களும் குறைவு. வந்த ஆடியோவை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேட்க விரும்பியவர்களும் குறைவு.

ஐபாடுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்?

2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் வந்தது. விலை 399 டாலர். 1,000 பாடல்களைச் சட்டைப்பைக்குள் வைக்கலாம் என்றார்கள். ஆடியோவை வெளியே எடுத்துப்போகக் கருவி கிடைத்துவிட்டது.

2003-ல் நிகழ்ச்சியும் வந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழிலும் பாஸ்டன் வானொலியிலும் பணியாற்றிய பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் லைடன், அந்த ஆண்டு ஜூலையில் பேட்டிகளைப் பதிவு செய்து இன்டர்நெட்டில் வெளியிடத் தொடங்கினார். அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வைனர், அந்தப் பேட்டிகளுக்கென ஒலி இணைத்த ஃபீட் ஒன்றை அமைத்துக் கொடுத்தார்.

இன்னும் ஒரே ஒரு இடைவெளிதான் பாக்கி. ஆடியோ, கம்ப்யூட்டர் வரை தானாக வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரிலிருந்து ஐபாடுக்கு யார் மாற்றுவது?

2003 அக்டோபரில் ஹார்வர்டில் நடந்த ஒரு மாநாட்டில், கெவின் மார்க்ஸ் என்ற இன்ஜினீயர் ஒரு ஸ்கிரிப்டை இயக்கிக் காட்டினார். ஃபீடில் இருக்கும் ஆடியோவை அது எடுக்கும். ஆப்பிளின் ஐட்யூன்ஸிடம் ஒப்படைக்கும். ஐபாடைச் செருகியதும் அது உள்ளே போய்விடும். அதே மாதத்தில் கரியும் இதே வேலைக்கு ஒரு ஸ்கிரிப்டை வெளியிட்டார். அவர் தொழில்முறை புரோகிராமர் அல்ல. மேக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற எளிய மொழியில் தானே எழுதிப் பார்த்ததுதான் அது.

அதிலிருந்து 'ஐபாடர்' என்ற இலவச சாஃப்ட்வேர் பிறந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மேம்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால், தெரிந்தவர்கள் பலர் வந்து கைகொடுத்தார்கள். பிறகு அதன் பெயர் 'ஜூஸ்' என்று மாறியது. ஆட்கள் உருவாக்கிக்கொண்டே இருக்க, அவர்களுக்குச் சோதித்துப் பார்க்கப் புதுப் புது எபிசோட் வேண்டும் அல்லவா? 2004 ஆகஸ்ட்டில் கரியே 'டெய்லி சோர்ஸ் கோட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டார்.

பெயர் வந்த கதையும் வேடிக்கையானது. 2004 பிப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில், இந்தப் புதுப் பழக்கத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சில பெயர்களை அடுக்கியிருந்தார். அதில் ஒன்று 'போட்காஸ்டிங்'. பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்ததால் சேர்த்த வரி அது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இடம் நிரப்ப எழுதிய வார்த்தை, 2005-ல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் டிக்‌ஷனரியின் 'ஆண்டின் சிறந்த சொல்' ஆனது!

பால் கணக்கு நோட்டும் ஸ்கிரிப்டும்

சரி, அந்த ஸ்கிரிப்ட் அப்படி என்னதான் செய்கிறது? இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் ஆப் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம்.

முதல் கேள்வி: 'யார் யாரைப் பார்க்க வேண்டும்?' நீங்கள் தொடரும் நிகழ்ச்சிகளின் ஃபீட் முகவரிகள் ஒரு லிஸ்ட்டாக இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் விழித்துக்கொண்டு, லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் போய் வரும். போகும்போது, 'கடந்த முறை நான் வந்து போனபிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?' என்று சர்வரிடம் கேட்கும். 'இல்லை' என்று பதில் வந்தால் அப்படியே திரும்பிவிடும். முழு ஃபீடையும் இழுக்க வேண்டியதில்லை என்பதால் டேட்டா மிச்சம்.

இரண்டாவது கேள்வி: 'இதில் எது புதிது?' இதுதான் முக்கியமான இடம். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஃபீடில் ஓர் அடையாள எண் இருக்கும். இதுவரை எடுத்த எண்களை எல்லாம் ஸ்கிரிப்ட் குறித்து வைத்திருக்கும். வீட்டில் காலண்டரில் பால் கணக்கு எழுதுவார்களே, அதுபோல. குறிப்பில் இல்லாத எண் என்றால் புது எபிசோட். இருந்தால் ஏற்கெனவே வந்தது.

தேதியை வைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. பழைய எபிசோடில் திருத்தம் செய்து மறுபடி போடுபவர்கள் உண்டு. தேதியைத் தவறாகப் போடுபவர்களும் உண்டு. அதனால் எண்தான் நம்பிக்கையானது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வரும். நிகழ்ச்சி நடத்துபவர் வேறு நிறுவனத்தின் சர்வருக்கு மாறும்போது எல்லா எபிசோடுகளின் அடையாள எண்ணும் மாறிவிட்டால், ஸ்கிரிப்டுக்கு எல்லாமே புதிதாகத் தெரியும். மூன்று வருட எபிசோடுகள் ஒரே ராத்திரியில் வந்து இறங்கிவிடும். திடீரென போன் மெமரி நிரம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது கேள்வி: 'முழுசாக வந்து சேர்ந்ததா?' நடுவில் நெட் போய்விட்டால் பாதி ஃபைல்தான் இருக்கும். அதனால் நல்ல ஸ்கிரிப்ட், முதலில் தற்காலிகப் பெயரில் இறக்கும். முழுவதும் வந்தபிறகுதான் சரியான பெயர் சூட்டி, குறிப்பில் 'வந்தாச்சு' என்று எழுதும். முதலில் எழுதிவிட்டுப் பிறகு இறக்கினால், அறுந்துபோன எபிசோடை அது திரும்பவும் தேடவே தேடாது. பால்காரர் வருவதற்கு முன்பே காலண்டரில் டிக் அடித்த கதைதான்.

இதில் மேஜிக் எதுவும் இல்லை. புரோகிராமிங் படிக்கும் காலேஜ் மாணவர் ஒருவர், ஒரு நாளில் எழுதிவிடக்கூடிய அளவுதான்.

ஆப்பிள் வந்தது... கூட்டம் சேர்ந்தது!

2005 ஜூன் 28-ம் தேதி ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 4.9-ல் இந்த வசதி உள்ளேயே சேர்க்கப்பட்டது. 3,000 நிகழ்ச்சிகள், எல்லாம் இலவசம். இரண்டே நாள்களில் 10 லட்சம் சப்ஸ்கிரிப்ஷன்கள் குவிந்தன. தனியாக ஸ்கிரிப்ட் நிறுவ வேண்டிய அவசியம் போய்விட்டது.

2014 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ் 8-ல் போட்காஸ்ட் ஆப், போனிலேயே சேர்ந்து வந்தது. அடுத்த மாதமே 'சீரியல்' என்ற அமெரிக்க நிகழ்ச்சி தொடங்கியது. பழைய கொலை வழக்கு ஒன்றை வாராவாரம் ஆராய்ந்த தொடர் அது. அடுத்த எபிசோட் எப்போது என்று லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். டி.வி, ரேடியோ துறையில் கௌரவமாகக் கருதப்படும் பீபாடி விருதை வென்ற முதல் போட்காஸ்டும் அதுதான்.

வீடியோ உலகமும் இதே வழிக்கு வந்தது. 2016 நவம்பரில் டவுன்லோடு வசதி தந்த நெட்ஃப்ளிக்ஸ், 2018-ல் 'ஸ்மார்ட் டவுன்லோட்ஸ்' கொண்டுவந்தது. பார்த்து முடித்த எபிசோடை அதுவே அழித்துவிட்டு, வைஃபை கிடைக்கும்போது அடுத்ததை இறக்கி வைக்கும்.

ஆனால், இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. போட்காஸ்ட் ஃபீடிலிருந்து வந்த எம்பி3 ஃபைல் உங்களுடையது. எந்த ஆப்பிலும் ஓடும். ஓ.டி.டி ஆப்பில் இறங்கியது பூட்டுப் போட்ட ஃபைல். அந்த ஆப்புக்கு வெளியே திறக்காது. சந்தா முடிந்தால் போய்விடும். பலவற்றுக்கு, சில நாள்களில் காலாவதித் தேதியும் உண்டு.

லிஸ்ட் யார் கையில்?

கரியும் வைனரும் அமைத்த முறையில் நடுவில் யாரும் இல்லை. நிகழ்ச்சி நடத்துபவர் தன் சர்வரில் ஃபீடை வைக்கிறார். கேட்பவரின் கம்ப்யூட்டர் நேராகப் போய் எடுக்கிறது. யார் எதைத் தொடர்கிறார் என்ற லிஸ்ட், கேட்பவரிடம் மட்டுமே இருக்கிறது. பிறகு வந்த பெரிய நிறுவனங்கள் அந்த நடு இடத்தில் வந்து உட்கார்ந்தன.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை நிறுவனம், கிம்லெட், ஆங்கர் என்ற இரு போட்காஸ்ட் நிறுவனங்களை வாங்கியது. 2020 டிசம்பரிலிருந்து உலகின் மிகப் பிரபல நிகழ்ச்சிகளில் ஒன்றான ஜோ ரோகனின் போட்காஸ்ட், ஸ்பாட்டிஃபையில் மட்டுமே என்றானது. வேறு ஆப்களில் பல வருடங்களாக அவரைத் தொடர்ந்தவர்களின் போனுக்குப் புது எபிசோட் வருவது நின்றுபோனது. அவர்கள் ஆப்பில் எந்தக் கோளாறும் இல்லை. கரும்பலகையில் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் போட்ட புது ஒப்பந்தத்தில்தான் அந்த நிகழ்ச்சி மற்ற இடங்களுக்கும் திரும்பியது.

இன்னொரு சம்பவம், பல ஆண்ட்ராய்டு பயனாளர்களுக்கு நினைவிருக்கும். 2018-ல் வந்த 'கூகுள் போட்காஸ்ட்ஸ்' ஆப்பை, 2024-ல் கூகுள் மூடிவிட்டது. ஏப்ரலில் அமெரிக்காவில், ஜூனில் மற்ற நாடுகளில். பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த லிஸ்ட் என்ன ஆகும்?

இங்கே பழைய முறைதான் கைகொடுத்தது. ஓ.பி.எம்.எல் என்று ஒரு ஃபைல் வடிவம் உண்டு. எந்தெந்த ஃபீடைத் தொடர்கிறீர்கள் என்ற லிஸ்ட் மட்டும் அதில் இருக்கும். 2000-ம் ஆண்டில் அதை உருவாக்கியதும் வைனரின் நிறுவனம்தான். மூடும் முன்பு அந்த ஃபைலை எடுத்துக்கொள்ள கூகுள் வழிசெய்தது. எடுத்தவர்கள் வேறு ஆப்பில் அதைப் போட்டு, மறுநாள் காலையிலிருந்து வழக்கம்போல் கேட்டார்கள். அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டவர்கள், எதையெல்லாம் கேட்டோம் என்று நினைவிலிருந்து தேடவேண்டிய நிலை.

சின்ன அமைப்பு மாற்றம்கூட எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆப்பிள் ஆப்பில், ஒருவர் நீண்ட நாள் கேட்காமல் இருந்துவிட்டுத் திரும்ப வந்தால், இடையில் தவறிய எபிசோடுகள் எல்லாம் மொத்தமாக இறங்கும். 2023 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ் 17-ல் அதை நிறுத்தினார்கள். உடனே பல நிகழ்ச்சிகளின் டவுன்லோடு எண்ணிக்கை சரிந்தது. கேட்பவர்கள் குறையவில்லை; யாரும் கேட்காமலே இறங்கிக்கொண்டிருந்த ஃபைல்கள் குறைந்தன. டவுன்லோடு எண்ணிக்கையைக் காட்டித்தான் விளம்பரம் வாங்குகிறார்கள் என்பதால், தயாரிப்பாளர்களுக்கு அது வருமானப் பிரச்னை ஆனது.

எது சரி... எது சட்டப்படி தவறு?

ஸ்கிரிப்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. 2003-லேயே ஆர்.எஸ்.எஸ்-ஸையும் டோரண்ட்டையும் இணைத்து, டி.வி தொடர்களைத் தானாக இறக்கும் வழியைச் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஆனால், போட்காஸ்டில் உரிமையாளரே 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஃபைலை வைக்கிறார். திருட்டுத் தளத்தில் வேறு யாரோ வைக்கிறார்கள்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-வது பிரிவின்படி, தெரிந்தே காப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டோரண்ட்டில் இறக்குபவர், இறக்கும்போதே மற்றவர்களுக்கு விநியோகமும் செய்கிறார். 'நான் பார்க்கத்தான் எடுத்தேன்' என்று சொல்வது அங்கே எடுபடாது. தவிர, தானாக இறங்கும் ஃபைலை யாரும் சோதிப்பதில்லை என்பதால் வைரஸ் நுழைய அது வசதியான வழி.

எல்லாம் கறுப்பு வெள்ளையாகவும் இல்லை. வீடியோக்களை இறக்க உதவும் 'யூடியூப்-டிஎல்' என்ற இலவசக் கருவி 2006 முதல் இருக்கிறது. 2020 அக்டோபரில், அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் கொடுத்த புகாரால் 'கிட்ஹப்' தளத்திலிருந்து அது நீக்கப்பட்டது. செய்தியாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் அதை நியாயமான வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே அது திரும்ப வந்தது. கருவி தவறல்ல, எதை, யார் அனுமதியோடு இறக்குகிறோம் என்பதே கேள்வி. யூடியூப் தளமோ, தான் தரும் ஆஃப்லைன் வசதியைத் தவிர வேறு வழியில் அனுமதியின்றி இறக்குவதைத் தன் விதிமுறைகளில் தடுக்கிறது.

உங்கள் போனில் செய்து பாருங்கள்!

ஸ்கிரிப்ட் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் 'ஆன்டெனாபாட்' என்ற ஆப் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஐபோனில் 'ஆப்பிள் போட்காஸ்ட்ஸ்' கூடவே வருகிறது. இரண்டிலும் கிடைக்கும் 'பாக்கெட் காஸ்ட்ஸ்' போன்ற ஆப்களும் உண்டு. எந்த ஆப்பாக இருந்தாலும் செட்டிங்ஸில் இந்த ஐந்தைக் கவனியுங்கள்.

1. ஆட்டோ டவுன்லோடு: எல்லா நிகழ்ச்சிக்கும் வேண்டாம். தவறாமல் கேட்கும் நான்கைந்துக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். மற்றவை லிஸ்ட்டில் இருந்தால் போதும்.

2. வைஃபையில் மட்டும்: தினமும் அரை மணி நேரம் வரும் ஒரு நிகழ்ச்சி, 30 நாளில் சுமார் 860 எம்.பி ஆகும். அப்படி ஐந்து நிகழ்ச்சி என்றால் 4 ஜி.பி-யைத் தாண்டிவிடும். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள், தினசரி டேட்டா மிச்சமிருக்கும் ராத்திரி நேரத்தில் தாங்களே இறக்கிக்கொள்ளலாம்.

3. எத்தனை எபிசோட்? ஒரு நிகழ்ச்சிக்கு 2 அல்லது 3 என்று உச்சவரம்பு வையுங்கள். முன்பு சொன்ன 'மூன்று வருட எபிசோடும் ஒரே ராத்திரியில்' ஆபத்து இதனால் தவிரும்.

4. கேட்டதும் நீக்கு: இதை ஆன் செய்தால் மெமரி நிரம்பாது. திரும்பக் கேட்க வேண்டியதை மட்டும் 'ஃபேவரைட்' என்று குறித்து வையுங்கள். அதை அழிக்காமல் விட பல ஆப்களில் வழி இருக்கிறது.

5. லிஸ்ட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்: ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் போன்றவற்றில் 'ஓ.பி.எம்.எல் எக்ஸ்போர்ட்' இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஃபைலை எடுத்து, உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வையுங்கள். ஒரு போட்டோவைவிடச் சிறிய ஃபைல்தான். போன் தொலைந்தாலும், ஆப் மூடப்பட்டாலும், உங்கள் லிஸ்ட் உங்களோடு இருக்கும்.

வீட்டில் கண் பார்வை மங்கிப்போய், புத்தகம் படிக்க முடியாமல் இருக்கும் பெரியவர்கள் உண்டா? அவர்களின் போனில் இதை ஒருமுறை அமைத்துக் கொடுங்கள். தேடவும் டைப் செய்யவும் சிரமப்படுபவர்களுக்கு, தினமும் காலையில் புதிதாக ஒன்று தயாராக இருப்பது பெரிய உதவி. கிராமத்து வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும், போனுக்குள் வந்து சேர்ந்த எபிசோடுக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படி அமைத்துக் கொடுக்கும்போது, ஐந்தாவது வேலையையும் மறக்காமல் முடித்துவிடுங்கள். அவர்களின் லிஸ்ட்டையும் ஒரு காப்பி எடுத்து, உங்கள் இமெயிலுக்கு அனுப்பி வையுங்கள். நாளைக்கே அந்த ஆப் மூடப்பட்டாலும், பெரியவர்களின் காலை நேரம் வழக்கம்போலவே தொடரும்!